வாரத்துக்குப் பத்து மணி நேரம்: உளவியல் ஆய்வகத்துக்குள் வசதியில்லாத மாணவர்கள் எப்படி நுழைகிறார்கள்?

அமெரிக்காவில் உளவியல் அறிமுக வகுப்பில் சேருகிற மாணவர்களில் பெரும்பாலானோர் முதல் பருவத்திலேயே ஏதாவது ஓர் ஆய்வில் பங்கெடுத்துவிடுவார்கள். ஆய்வுக்கு உட்படுகிறவர்களாகத்தான். திரையில் ஓர் எழுத்து மின்னியதும் பொத்தானை அழுத்துவார்கள், கேள்வித்தாளில் ஒன்றிலிருந்து ஏழு வரை ஏதாவது ஓர் எண்ணை வட்டமிடுவார்கள். அதற்கு வகுப்பில் கொஞ்சம் மதிப்பெண் உண்டு. விருப்பமில்லாதவர்கள் பதிலுக்கு வேறு ஏதாவது பயிற்சி எழுதித் தரலாம். உளவியலின் பெரும் பகுதி இப்படி வந்து உட்கார்ந்த பிள்ளைகளை வைத்துத்தான் எழுதப்பட்டது. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2008-ல் இதைக் கணக்கெடுத்தார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முக்கிய ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளில் ஆராயப்பட்டவர்களில் 68 சதவீதத்தினர் அமெரிக்கர்கள். ஆளுமை, சமூக உளவியல் துறையின் முன்னணி இதழில் 2007-ல் வந்த அமெரிக்க ஆய்வுகளில் 67 சதவீதம் உளவியல் இளங்கலை மாணவர்களை மட்டுமே ஆராய்ந்தவை.

அதே அறையில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. கேள்வியைக் கேட்பவர், பதிலைக் குறிப்பவர், பதிவை மறுபடி ஓட்டிப் பார்ப்பவர் உட்காரும் நாற்காலி. முதல் நாற்காலியில் உட்கார ஒரு மணி நேரம் போதும். இரண்டாவதில் உட்கார வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் வேண்டும், அதுவும் ஒரு பருவம் முழுக்க, பல இடங்களில் இரண்டு மூன்று பருவங்கள். அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

இளங்கலை ஆய்வு உதவித்தொகை என்ற பேச்சு தொடங்குவது இந்த இடத்தில்தான். திறமைக்குத் தரும் பரிசு என்று பலர் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மளிகைக் கடையிலோ உணவகத்திலோ விற்றாக வேண்டிய நேரத்தை மாணவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கி, அவரிடமே திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு அது.

அந்த நேரத்தில் அப்படி என்னதான் வேலை? கைக்குழந்தைகளை ஆராயும் ஓர் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதக் குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறது. எந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதுதான் தரவு. கேமரா நொடிக்கு 30 சட்டகம் எடுக்கிறது என்றால் ஒரு நிமிடக் காட்சியில் 1,800 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, கண் இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கம் இருக்கிறதா, வேறெங்காவது போய்விட்டதா என்று ஒரு மாணவர் குறிக்க வேண்டும். அதே காட்சியை இன்னொரு மாணவர், முதலாமவரின் குறிப்பைப் பார்க்காமல், தனியாகக் குறிப்பார். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் போட்டு, ஒத்துப்போகாவிட்டால் உட்கார்ந்து பேசி மறுபடி தொடங்குவார்கள். நடுவில் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து நேரம் குறிப்பது, ஒப்புதல் படிவத்தை விளக்குவது, விளையாட்டுச் சாமான்களைத் துடைத்து வைப்பது எல்லாம் உண்டு.

சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு கேள்வி எப்படித் தரவாக மாறுகிறது, தரவு எங்கெல்லாம் நம்மை ஏமாற்றும் என்பது இப்படி உட்கார்ந்து பார்த்தவருக்குப் புரிகிற மாதிரி பாடப்புத்தகத்திலிருந்து புரியாது. அப்புறம் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குழந்தைகள் தூங்கி எழுந்து தெம்பாக இருப்பது பெரும்பாலும் காலை நேரத்தில். அதனால் ஆய்வகம் ஆள் தேடுவதும் வேலை நாட்களின் பகல் நேரத்துக்கு. பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவருக்கு ஷிப்ட் விழுவதும் பல சமயம் அதே நேரத்தில்தான்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பருவம் 15 வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் 150 மணி நேரம். மணிக்கு 15 டாலர் கிடைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தால் 2,250 டாலர் இழப்பு. 2009 முதல் மாறாமல் நிற்கும் 7.25 டாலர் என்ற மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியை வைத்துப் பார்த்தாலும் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. சம்பளத்துக்குப் பதில் கிரெடிட், அதாவது பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாட அலகு, தருகிறோம் என்று பல துறைகள் சொல்லும். கிரெடிட் இலவசமில்லை. கிரெடிட் கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரியில், குறிப்பாகக் கோடை விடுமுறையில், மாணவர் தன் உழைப்பையும் கொடுத்து அதற்குக் கல்விக் கட்டணமும் கட்டுகிற நிலை வந்துவிடும். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இவ்வளவு கஷ்டம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். விட முடியாது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,20,000-க்கும் மேற்பட்டவர்கள் உளவியலில் இளங்கலைப் பட்டம் வாங்குகிறார்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உளவியலாளராகத் தொழில் செய்ய முடியாது. மருத்துவ உளவியலில் முனைவர் படிப்புக்கு ஒரு துறையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வரும், எடுப்பது ஐந்து முதல் பத்துப் பேர் வரை. மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கும். வித்தியாசப்படுத்திக் காட்டுவது ஆய்வு அனுபவமும், கூடவே இருந்து பார்த்த பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதமும்தான். இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் பின்வரிசையிலிருந்து முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேராசிரியர் என்ன எழுதிவிட முடியும்?

இதில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. மருத்துவ உளவியலில் இரண்டு வகை முனைவர் பட்டங்கள் இருக்கின்றன. ஆய்வை மையமாகக் கொண்ட பிஎச்டி ஒன்று, தொழிற்பயிற்சியை மையமாகக் கொண்ட சைடி மற்றொன்று. பிஎச்டியில் பொதுவாகக் கட்டணம் தள்ளுபடியாகும், மாத உதவித்தொகையும் கிடைக்கும், எடுக்கிற ஆட்கள் குறைவு. சைடியில் ஆட்கள் அதிகம், ஆனால் செலவு பெரும்பாலும் மாணவரின் தலையில், அதாவது கல்விக் கடனில். ஆய்வகத்தில் இலவசமாக உழைக்க முடிந்தவருக்கு இலவசப் படிப்பு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். உழைக்க முடியாதவருக்கு அந்தக் கதவு ஒடுங்கிப்போகிறது, கடன் வாங்கிப் படிக்கும் வழிதான் மிஞ்சுகிறது. வயிற்றுப்பாட்டுக்காக இருபது வயதில் ஓட்டலில் வேலை பார்த்ததற்கு முப்பது வயதில் வட்டி கட்டுகிற கதை.

சரி, இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? நீளமான வரலாறு கொண்டது மெக்நேர் திட்டம். அந்தப் பெயருக்குரியவர் ரொனால்ட் மெக்நேர். தென் கரோலினாவின் லேக் சிட்டியில் பிறந்த கறுப்பினத்தவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தபோது இறந்த ஏழு பேரில் ஒருவர். 1959-ல், ஒன்பது வயதுச் சிறுவனாக, ஊர்ப் பொது நூலகத்தில் புத்தகம் எடுக்கப் போனார். கறுப்பினத்தவருக்குப் புத்தகம் தருவதில்லை என்றார் நூலகர். பையன் நகரவில்லை. போலீஸைக் கூப்பிட்டார்கள், அம்மாவும் வந்தார். வந்த போலீஸ்காரர்களே புத்தகத்தைக் கொடுத்துவிடுங்களேன் என்று சொல்ல, கடைசியில் கொடுத்தார்கள். இதை அவருடைய அண்ணன் கார்ல் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டடம் இன்று ரொனால்ட் மெக்நேரின் பெயரில் நினைவு மையமாக இருக்கிறது.

அவர் இறந்த அதே 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தி இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் சேர்க்கப்படுபவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த வருமானக் குடும்பத்தினராகவும், பட்டதாரியில்லாத பெற்றோரின் பிள்ளைகளாகவும் இருக்க வேண்டும். நோக்கம் ஒளிவுமறைவில்லாதது: இவர்களை முனைவர் படிப்புக்குத் தயார்செய்வது. ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு, கோடையில் உதவித்தொகை, விண்ணப்பக் கடிதம் எழுதப் பயிற்சி, ஆய்வைக் கருத்தரங்கில் வைக்க வாய்ப்பு எல்லாம் சேர்ந்து வரும். உளவியல் மட்டுமல்ல, எல்லாத் துறைக்கும் பொதுவானது. சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 2,800 டாலர். மேலே போட்ட 2,250 டாலர் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பருவத்து இழப்பை ஈடுகட்டிவிட்டுக் கையில் சில நூறு டாலர்தான் மிஞ்சும்.

அடுத்தது தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்தும் இளங்கலை ஆய்வு அனுபவத் திட்டம், சுருக்கமாக ஆர்.ஈ.யூ. பெரும்பாலும் பத்து வாரக் கோடை ஏற்பாடு. வாரத்துக்குச் சுமார் 700 டாலர் உதவித்தொகை, பல இடங்களில் தங்குமிடமும் பயணச் செலவும் சேர்த்து. உளவியல் ஆய்வகங்களுக்கும் இதில் இடமுண்டு. பெரிய ஆய்வகம் இல்லாத சிறு கல்லூரிகளிலிருந்து மாணவர்களைத் தேடி எடுக்க வேண்டும் என்பது இதன் நல்ல அம்சம். உளவியல் மாணவர்களுக்கான சை-கை என்ற கௌரவச் சங்கம் 1929-ல் தொடங்கியது. அதுவும் உறுப்பினர்களின் ஆய்வுக்குச் சிறு தொகைகள் தருகிறது. பிரிட்டனில் பிரிட்டிஷ் உளவியல் சங்கமும் சோதனை உளவியல் சங்கமும் இளங்கலை மாணவர் கோடையில் ஓர் ஆய்வாளரோடு சில வாரங்கள் வேலைசெய்யப் பணம் கொடுத்துவந்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இவற்றில் எதுவுமில்லை. 1964-ல் வறுமை ஒழிப்புச் சட்டத்தோடு வந்த வொர்க்-ஸ்டடி என்ற பழைய திட்டம். படிப்புச் செலவுக்குத் தேவையுள்ள மாணவர் கல்லூரியில் வேலை பார்ப்பார், கூலியில் பொதுவாக 75 சதவீதம் வரை மத்திய அரசு கொடுக்கும். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, உணவுக்கூடத்தில் பரிமாறுவது என்றுதான் இதைப் பலர் நினைக்கிறார்கள். ஆய்வகத்தில் வீடியோ குறிப்பதும் இதே கணக்கில் சம்பள வேலையாகலாம். பேராசிரியரின் நிதியிலிருந்து போவது கால் பங்குதான். போட்டி கிடையாது, கட்டுரை எழுதி ஜெயிக்க வேண்டாம். ‘இந்தப் பிள்ளை சிறப்பானவள், அதனால் காசு கொடுக்கிறோம்’ என்று சொல்லாமல், ‘வேலை பார்த்தாள், கூலி கொடுக்கிறோம்’ என்று சொல்கிற திட்டம் அது.

போட்டி வைத்துத் தரும் உதவித்தொகைகளில் எனக்கு உள்ள மனக்குறை இதுதான். விண்ணப்பத்தில் முந்தைய ஆய்வு அனுபவத்தைக் கேட்பார்கள், பேராசிரியரின் கடிதத்தைக் கேட்பார்கள். அதாவது கதவைத் திறக்க உதவுகிற பணத்தை வாங்குவதற்கே கதவு ஏற்கெனவே பாதி திறந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஓர் ஆய்வகத்தில் இலவசமாக ஒரு வருடம் உழைத்துவிட்ட, கொஞ்சம் வசதியான பிள்ளைக்குத்தான் அந்த விண்ணப்பம் பலமாக அமையும்.

பணம் வந்துசேருகிற விதத்திலும் சிக்கல் இருக்கிறது. கருத்தரங்குக்குப் போய் வா, ரசீதைக் கொடு, ஆறு வாரத்தில் திருப்பித் தருகிறோம் என்பார்கள். விமான டிக்கெட்டுக்கும் ஓட்டல் அறைக்கும் முதலில் கையிலிருந்து போட ஆயிரம் டாலர் இருப்பவருக்கு அது உதவி. கடன் அட்டையே இல்லாத பிள்ளைக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்? இன்னொரு விஷயம் வெளியாட்களுக்கு அதிகம் தெரியாது. வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால், அந்த அளவுக்குக் கல்லூரி தன் பங்கு நிதியுதவியைக் குறைத்துவிடுவது உண்டு. மாணவர் ஜெயித்த பணம் கல்லூரியின் கணக்கில் மிச்சமாகிவிடுகிறது. மேரிலாந்து மாநிலம் 2017-ல் தன் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது, அமெரிக்காவில் அதுதான் முதல். நோக்கத்தை மட்டும் படித்து ஒரு திட்டத்தைப் பாராட்டிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். எந்தத் தேதியில், யார் கைக்கு, எந்தக் கணக்கின் வழியாகப் பணம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

இது மாணவரின் பிழைப்பைப் பற்றிய விஷயம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் பாதியைத்தான் பார்க்கிறோம். மீதிப் பாதி உளவியலின் பிழைப்பைப் பற்றியது. மேமி ஃபிப்ஸ் என்ற பெண் 1934-ல், பதினேழு வயதில், உதவித்தொகையோடு வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகம் அது. படிக்க வந்தது கணிதம். அங்கே சந்தித்த கென்னத் கிளார்க் உளவியலுக்கு மாறச் சொன்னார், பின்னாளில் மேமி அவரையே மணந்துகொண்டார். உளவியல் துறைக்குத் தலைவர் ஃபிரான்சிஸ் சம்னர், அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். இளங்கலை முடித்த 1938 கோடையில் மேமி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இனப் பிரிவினைக்கு எதிரான வழக்குகள் தயாரான இடம் அது. மறு ஆண்டு முதுகலை ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி: தான் கறுப்பு என்பது ஒரு குழந்தைக்கு எப்போது, எப்படித் தெரிய வருகிறது?

அந்தக் கேள்வி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிரிவினை நடைமுறையில் இருந்த ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அதைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆய்வைத் தொடர அவருக்கும் கணவருக்கும் ரோசன்வால்ட் நிதியம் நிதியுதவி கொடுத்தது. கறுப்பு பொம்மையையும் வெள்ளை பொம்மையையும் குழந்தைகளிடம் காட்டி ‘எது நல்ல பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது’ என்று கேட்ட புகழ்பெற்ற ஆய்வுகள் அதிலிருந்து வளர்ந்தவை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் பதினோராம் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் கட்டுரையை மேற்கோள் காட்டியது. மேமி 1943-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். கல்லூரிச் சேர்க்கையின்போதும் ஆய்வின்போதும் அந்தப் பணம் இல்லாமல் போயிருந்தால் அவர் எங்காவது கணித ஆசிரியையாக நன்றாகவே வாழ்ந்திருப்பார். பொம்மைகளைப் பற்றிய கேள்விதான் இன்னும் எத்தனை வருடம் காத்திருந்திருக்குமோ.

இங்கிருந்து இளங்கலைக்கு அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. மெக்நேர், வொர்க்-ஸ்டடி, அறிவியல் அறக்கட்டளையின் கோடை உதவித்தொகை எதுவும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. குடிமக்கள், நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்கள் போன்றோருக்கு மட்டும்தான். வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம் என்றாலும், பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வரம்பு. மிஞ்சுவது துறையின் சொந்த நிதி, பேராசிரியரின் ஆய்வு நிதி, சை-கை போன்ற சங்கங்கள்.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்திருக்கும் நான்காண்டு இளங்கலையில், முதல் ஆறு பருவத்தில் 75 சதவீதம் வாங்கியவர் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வுத் திட்டம் செய்து ‘ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்’ பட்டம் பெறலாம். அந்த ஓர் ஆண்டு வீட்டுக்குச் சம்பளம் வராத ஆண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் அதன் பாடப் பட்டியலில் இயற்பியல், வேதியியல், கணிதம் முதல் மானுடவியல் வரை இருக்கிறது, உளவியல் இல்லை. உளவியல் படிக்கும் பிள்ளைக்கும் புள்ளியியல் உண்டு, சோதனை உண்டு, கோடையும் உண்டு. இதை யாராவது எடுத்துக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இருப்பது நிலைக்கும் என்று சொல்லிவிட முடியாது. மெக்நேரும் அதைப் போன்ற மற்றத் திட்டங்களும் சேர்ந்த தொகுப்புக்கு ட்ரையோ என்று பெயர். 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அதை மொத்தமாக நிறுத்த முன்மொழிந்தது. பணம் ஒதுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் கையில் என்பதால் முன்மொழிவே முடிவாகிவிடாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பணம் வருமா வராதா என்ற நிலையில் ஒரு பேராசிரியர் எந்த மாணவருக்கு அடுத்த கோடையை வாக்களிக்க முடியும்?

ஆய்வகத்தில் சேர நினைக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் ஆர்வத்தைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, ஐந்தாவதாக இதையும் கேளுங்கள்: ‘எனக்குப் பகுதிநேர வேலை இருக்கிறது. இது சம்பள வேலையா, கிரெடிட்டா? மாலையிலோ சனிக்கிழமையிலோ செய்யக்கூடிய வேலை இருக்கிறதா?’ கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். குழந்தை காலையில்தான் வரும், ஆனால் அதன் வீடியோவை இரவு ஒன்பது மணிக்கும் உட்கார்ந்து குறிக்கலாம்.